அளவு நோட்டின் ஒரு பக்கம்

சென்ற வாரம் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோன வஹிதாவுக்கு இன்னும் பசி வந்தபாடில்லை. வயிறு வேறு காரணத்துக்காக எரிந்துகொண்டிருந்தால் பசி எங்கிருந்து வரும்?

காரணத்தின் பெயர் ஹுமேரா. வஹிதாவின் கொழுந்தன் நதீமின் மனைவி. கல்யாணமாகி நான்கு வருஷம்தான் ஆகிறது. வந்த புதிதில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், இன்று ஊரே மேடம் என்று கூப்பிடும் ஆளாகிவிட்டாள். 'நம்ம தருமபுரி அரட்டை' என்ற வாட்ஸ்ஆப் குழுவில் அவள் எழுதுவதைப் படிக்காமல் பலருக்குக் காலைக் காபி இறங்குவதில்லை. ஆதார் ஜெராக்ஸை யாரிடமும் வெறுமனே கொடுக்காதே, எதற்காகக் கொடுத்தாய் என்று குறுக்கே எழுதிக் கொடு. ஓ.டி.பி. கேட்டால் போனை வை. கடையில் நம்பர் கேட்டால் ஏன் என்று கேள். இப்படித் தினம் ஒன்று.

அவள் சொல்வதை வீட்டில் முதலில் கடைப்பிடிப்பவன் வஹிதாவின் கணவன் நிசார் அகமது. கேஸ் இணைப்புக்குக் கொடுத்த ஆதார் நகலில் குறுக்கே எழுதினான், சரி. பள்ளிக்கூட ஆண்டு விழா அழைப்பிதழில்கூடக் குறுக்கே எழுதப் போனவனை மகள் அல்மாஸ்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் சொன்ன ஒரு பேச்சையாவது இந்த மனுஷன் இப்படிக் கேட்டிருப்பானா? வஹிதா இதைத்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. மாமனார் முகம்மது கவுஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார். ஹுமேரா ராத்திரி எழுதியது காலையில் அவர் வாயால் வீடு முழுக்க ஒலிபரப்பாகும்.

"நிசாரு, கேளு. 'சேலை எடுக்க வந்தவளோட பொறந்த நாளு ஜவுளிக்கடைக்காரருக்கு எதுக்கு? பில்லு போட நம்பர் எதுக்கு? நாம குடுத்த வெவரம் அப்பறம் யார் யார் கைக்குப் போவுதுனு நமக்குத் தெரியுமா?' என்னா கேள்வி பாரு!"

"நல்ல கேள்விப்பா" என்றான் நிசார்.

"மாமா, தோசை ஆறுதுங்க" என்று ஹுமேரா கூச்சத்தோடு போனை வாங்கப் பார்த்தாள்.

அந்தக் கூச்சமும் வஹிதாவுக்குப் பிடிக்கவில்லை. தோசைக்கல்லின் முன் நின்றபடியே, "பொறந்த நாளு சொன்னா வாழ்த்து அனுப்புவான். இதுல என்ன கொள்ளை போவுது?" என்றாள்.

மாமனார் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். வஹிதா திருப்பிப் போட்ட தோசை பாதி கல்லிலும் பாதி கரண்டியிலுமாகக் கிழிந்தது. அதை நிசாரின் தட்டில் வைத்தாள்.

*

கடைத்தெருவில் நிசாரின் மேட்சிங் சென்டர். முன்பாதியில் லைனிங் துணி, ஃபால்ஸ், நூல்கண்டு. பின்பாதியில் வஹிதாவின் தையல் கடை. பெண்களுக்கு மட்டும். எதிர்ச் சாரியில் நான்கு கடை தள்ளி ஹுமேராவின் ஜெராக்ஸ் கடை.

தையலில் வஹிதாவை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை. பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் கல்யாண ஜாக்கெட் இவளிடம்தான் வரும். காரணம் அவளுடைய அளவு நோட்டு. நீளமான கணக்கு நோட்டில் வரிசையாகப் பெயர், ஊர், தோள், மார்பு, இடுப்பு, கை. கடைசிக் கட்டத்தில் குறிப்பு. ஒருத்திக்கு வலது தோள் இறக்கம், இன்னொருத்திக்கு முதுகில் மரு, வேறொருத்தி இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள், பிரித்துவிட இடம் வேண்டும். கல்யாண ஆர்டர் என்றால் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் இன்னொரு முறை பெரிதாக எழுதிவைப்பாள். தவறக்கூடாத வேலை அல்லவா?

வாடிக்கைக்காரிகள் புருஷனிடம் சொல்லாததை வஹிதாவிடம் சொல்வார்கள். சொல்லாமல் எப்படி ஜாக்கெட் தைப்பது? அவளும் ஒருத்தி கதையை இன்னொருத்தி காதில் போட்டதில்லை. அது அவளுடைய பெருமை. சமீப காலமாக அந்தப் பெருமைக்கும் அடி விழுந்துகொண்டிருந்தது. போன செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த ஒருத்தி, "நீங்க ஹுமேரா மேடத்தோட ஓரகத்தியாமே?" என்று கேட்டாள். வஹிதா அவளுக்கு ஒரு இஞ்ச் கூட்டி அளவெடுத்தாள். பிறகு மனசு கேட்காமல் அடித்துத் திருத்தினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணி ஒன்று ஆனது. நிசார் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினான். கடையில் வஹிதா மட்டும். தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

குழுவில் சண்டை களைகட்டியிருந்தது. காலையில் ஹுமேரா போட்ட கேள்விக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜப்பன் மல்லுக்கு நின்றிருந்தார். 'மடியில் கனமில்லாதவனுக்கு என்ன பயம்? எல்லாவற்றையும் மூடி மூடி வைத்தால் நாடு எப்படி முன்னேறும்?' என்பது அவர் வாதம். அதற்கு ஒருவர் சிரிப்புப் பொம்மை போட, இன்னொருவர் சட்டம் வந்தாயிற்று தெரியுமா என்று ஏதோ செய்தித்தாள் துண்டை ஒட்ட, மற்றொருவர் சம்பந்தமே இல்லாமல் மழை நிலவரம் கேட்டிருந்தார்.

ஹுமேரா நிதானமாக எழுதியிருந்தாள். 'சார், மறைக்கறதுக்கும் தன்கிட்ட வெச்சுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க. பெரிய கம்பெனி மட்டும் இல்ல. மருந்துக்கடை, ஸ்கேன் சென்டர், ஜெராக்ஸ் கடை, தையல் கடை, யாரெல்லாம் நம்ம வெவரம் வாங்கறாங்களோ அவங்க எல்லாரும் பொறுப்பா வெச்சுக்கணும். தாளுல இருக்கற வரைக்கும் புதுச் சட்டம் அதைத் தொடாதுன்னு சொல்றாங்க. போன்ல ஏறிட்டா கதை வேற.'

தையல் கடை.

வஹிதா அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டாள். ஊரில் இத்தனை கடை இருக்க, தையல் கடை ஏன் வந்தது? என்னைச் சொல்கிறாள். ஊரறிய என்னைக் குத்திக்காட்டுகிறாள். தன் ஜெராக்ஸ் கடையையும் சேர்த்துத்தான் அவள் சொல்லியிருந்தாள் என்பது வஹிதாவின் கண்ணில் படவே இல்லை. பொறாமைக்குப் படிக்கத் தெரியும், முழுசாகப் படிக்கத் தெரியாது.

அந்தச் செய்திக்குக் கீழே யார் யார் கைதட்டியிருக்கிறார்கள் என்று தொட்டுப் பார்த்தாள். நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரல். ஒரே ஒருவர் சிவப்பு இதயம் போட்டிருந்தார்.

நிசார் அகமது.

வஹிதா தினமும் தான் தைத்த ஜாக்கெட்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறாள். முத்து வேலை, கண்ணாடி வேலை, மயில் கழுத்து. இந்த மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு கட்டைவிரலாவது நீட்டியிருப்பானா? தம்பி பெண்டாட்டி சட்டம் பேசினால் இதயம்! தம்பி மனைவி தங்கை மாதிரி என்றெல்லாம் புத்திக்குத் தெரியாமலில்லை. அந்த இதயத்தில் தப்பான அர்த்தம் ஏதுமில்லை என்றும் தெரியும். ஆனாலும் அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கோபப்படுவது.

அளவு நோட்டை எடுத்து வெட்டுமேசையில் விரித்தாள். இடது பக்கத்துப் பெயர் வரிசை தெரியாமல் இஞ்ச் டேப்பை நீளவாக்கில் அதன்மேல் கிடத்தினாள். எங்களுக்கும் தெரியும், யாரும் கற்றுத்தர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு படம் எடுத்தாள். கீழே மளமளவென்று எழுதினாள்.

'இருவது வருசத்துக்கு மேல இந்த ஊரு பொம்பளைங்க அளவெல்லாம் எங்கிட்ட இருக்கு. கம்ப்யூட்டர் இல்ல, பாஸ்வேர்டு இல்ல, சட்டமும் இல்ல. ஒரு வார்த்தை வெளிய போனதில்ல. நம்பிக்கைதான் எங்க சட்டம். பாத்துக்கோங்க.'

அனுப்பினாள்.

ராஜப்பன் முதல் ஆளாக வந்தார். 'சபாஷ் தங்கச்சி! இதுதான் அனுபவம் என்பது!' அவர் பின்னால் கட்டைவிரல்கள் வரிசை கட்டின. மூன்று, ஏழு, பன்னிரண்டு. யாரோ பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். வஹிதாவுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பசித்தது. டிபன் டப்பாவைத் திறந்தாள்.

அப்போதுதான் ஹுமேராவின் அழைப்பு வந்தது.

ஆகா, வலிக்கிறதா? வஹிதா போனைத் திருப்பிப் போட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். மறுபடி அடித்தது. துண்டித்தாள். மூன்றாம் முறை, நான்காம் முறை. இத்தனை ரோஷமா இவளுக்கு என்று நினைக்க நினைக்கச் சோறு ருசித்தது. நான்கு வருஷத்தில் அவளைக் காக்கவைக்கும் இடத்தில் வஹிதா இருந்தது இன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை நிதானமாக மென்று அனுபவித்தாள்.

கடை வாசலில் நிழல் விழுந்தது. ஹுமேரா. செருப்பில்லாமல் தார் ரோட்டைக் கடந்து ஓடி வந்திருந்தாள்.

"பாபி, ஏன் போனை எடுக்கல?" அண்ணியை அவள் பாபி என்றுதான் கூப்பிடுவாள்.

"சாப்பிடறேன். ஏன், குழுவுல பேச முடியாதத நேர்ல பேச வந்தியா?"

"அந்தப் போட்டோவுல கீழ பாருங்க பாபி. அடியில. செவப்பு எழுத்து."

வஹிதாவின் கை சோற்றோடு நின்றது.

இஞ்ச் டேப் பெயர் வரிசையை மறைத்திருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் பக்கத்தின் அடியில், அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மறந்துவிடக் கூடாதென்று கொட்டை எழுத்தில் எழுதியது அப்படியே தெரிந்தது. 'பூவிழி டீச்சர், பொம்மிடி. கல்யாணம், தீர்த்தமலை. இடப்பக்கம் பஞ்சு வெச்சு சரிபண்ணணும். ஆபரேசன் தழும்புல தையல் படக்கூடாது.'

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பூவிழிக்கு இடது மார்பில் கட்டி வந்து, பெங்களூரில் அந்த மார்பையே எடுத்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். பூவிழியைப் பெற்ற அம்மா ஒருத்தி. ஜாக்கெட் தைக்கும் வஹிதா இன்னொருத்தி. வேறு யாருக்கும் சந்தேகம் வராதபடி ஐந்து வருஷமாக வஹிதாவின் ஊசிதான் அந்தப் பெண்ணை வெளியே நடமாடவிட்டது. தழும்பில் உரசக்கூடாதே என்ற அக்கறையில் எழுதிய வரி அது.

"யா அல்லா" என்றாள் வஹிதா. எச்சில் கையோடு போனை எடுத்தாள்.

"இருங்க, ஒடனே அழிச்சிடாதீங்க. மெசேஜை அழுத்திப் பிடிச்சு தகவல்னு இருக்கறதத் தொடுங்க. யார் யார் பாத்தாங்கனு பேரு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க. அழிச்சிட்டா அப்பறம் தெரியாது."

இருபத்தேழு பேர் பார்த்திருந்தார்கள். ஹுமேராவே படமெடுத்துக் கொடுத்தாள். அதன்பிறகு அனைவருக்கும் நீக்கு என்பதைத் தொட்டாள் வஹிதா. படம் போய், செய்தி நீக்கப்பட்டது என்ற வரி வந்து உட்கார்ந்தது.

"அனுப்பி எவ்வளவு நேரம் ஆச்சு?" வஹிதா கேட்டாள்.

"பதினாலு நிமிசம். அனுப்பின அஞ்சாவது நிமிசத்துல நான் கூப்ட்டேன் பாபி."

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. ஒன்பது நிமிஷம். சோற்றை மென்றுகொண்டிருந்த ஒன்பது நிமிஷம்.

"நீயே குழுவுல எழுதியிருக்கலாமே. அட்மின்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எழுதினா எல்லாரும் திரும்பப் போய்ப் பாப்பாங்க. அட்மின்கிட்ட சொன்னா என்ன ஏதுன்னு பெருசு பண்ணிப் பாப்பாரு. அதான் ஓடியாந்தேன்."

அந்த நிலைமையிலும் வஹிதாவின் மனசு என்ன நினைத்தது தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஐந்து வருஷம் தான் மட்டுமே வைத்திருந்த ரகசியம் இப்போது இவளுக்கும் தெரிந்துவிட்டதே என்று நினைத்தது. இருபத்தேழு பேரைவிட இந்த ஒருத்திக்குத் தெரிந்ததுதான் சுருக்கென்றது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவியா?" என்று கேட்டாள். நிசாரைத்தான் சொன்னாள்.

"இது உங்க கடை பாபி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க டீச்சர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. வேற யார் வாயிலயாவது அவங்க கேக்கறதுக்கு முன்னால. யாரோட வெவரம் வெளிய போச்சோ அவங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும், சட்டமே அப்படித்தான்…"

"சட்டம் பேசாத ஹுமேரா!"

ஹுமேரா பேச்சை நிறுத்திக்கொண்டாள். உள்ளங்கால் சுட்டதோ என்னவோ, ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றி நின்றாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள். டிபன் டப்பாவை வஹிதா மூடி வைத்தாள்.

*

தொழுகை முடிந்து நிசார் வந்தான்.

"குழுவுல என்னமோ சூப்பரா போட்டியாமே? நம்ம நூல் சப்ளையர் மாரியப்பன் வழியில பாத்துச் சொன்னாரு. நான் பாக்கறதுக்குள்ள காணோம்?"

"தப்பா போட்டுட்டேன். தூக்கிட்டேன்."

"போடறதுக்கு முன்னால ஹுமேராகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு லைனிங் துணி கேட்டு வந்தவளுக்கு நீலத்தில் நான்கு நீலம் எடுத்துப்போடப் போய்விட்டான். வஹிதா மெஷினில் உட்கார்ந்தாள். நூல் மூன்று தடவை அறுந்தது.

மதியம் முழுக்க அவளுக்குள் வழக்கு நடந்தது. இருபத்தேழு பேர் பார்த்தார்கள், சரி. பார்த்தவர்கள் எல்லாம் படித்தார்களா? போனில் அவ்வளவு சின்ன எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள்? மாரியப்பன்கூடச் சூப்பர் என்றுதானே சொன்னார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இப்போது போய் அந்தப் பெண்ணின் வயிற்றில் புளியைக் கரைப்பானேன்? சொல்லாமல் விட்டால் தானாக அமுங்கிப் போகும்.

கூடவே இன்னொன்றும் உறுத்தியது. சொன்னால், ஹுமேரா சொன்னபடி கேட்டதாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் தன் இஷ்டப்படி நடந்ததாக இருக்கும். ஒரு பெண்ணின் வாழ்க்கை நடுவில் கிடக்கும்போதும் யார் ஜெயித்தது என்றே கணக்குப் போடும் தன் புத்தியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பில்தான் முடிவுக்கு வந்தாள். சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூவிழி வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்தவள், கையில் புடவைப் பையோடு முகமெல்லாம் சிரிப்பாக நுழைந்தாள்.

"அக்கா, கூரைப்புடவை வந்துடுச்சு. பூவரசனே தேடி எடுத்தது. கலரு பாருங்க!"

பூவரசன் மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்றே பூவிழி அவனிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன், எனக்கு ஒண்ணும் இல்ல, எங்க வூட்டுல மட்டும் கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கறேன் என்றானாம். இதையும் பூவிழி வஹிதாவிடம்தான் வந்து சொன்னாள். அன்று இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

வஹிதா அவளைப் பின்பக்கம் அழைத்துப் போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள். நிசாரை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள்.

"பூவிழி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா."

"அளவு மாறிடுச்சாக்கா? பரவால்ல, நாள் இருக்கே."

"அளவு இல்ல."

சொன்னாள். குழு, சண்டை, நோட்டு, படம், சிவப்பு வரி, பதினான்கு நிமிஷம். போன் அடித்தும் எடுக்காமல் சாப்பிட்டதைக்கூட மறைக்கவில்லை. ஏன் அந்தப் படத்தைப் போட்டாள் என்று பூவிழி கேட்டபோதும் மறைக்கவில்லை.

"ஹுமேரா மேல பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

பூவிழியின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. போக மறந்ததுபோல உதட்டில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. அவள் கத்துவாள், புடவைப் பையை வீசுவாள் என்று வஹிதா எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

"யார் யார் பாத்தாங்க?"

வஹிதா போனை நீட்டினாள். பூவிழி வாங்கி, ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ராஜப்பன். மாரியப்பன். ராணியம்மாள், மாதர் சங்கம். பெயர் சேமிக்காத நம்பர்கள் சில, அவரவர் வைத்துக்கொண்ட பெயரோடு. பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ பெயரில் விரல் நின்றது.

"ஐஸ்வர்யா, பாப்பாரப்பட்டி" என்று படித்தாள்.

"யாரும்மா அது?"

"பூவரசனோட அக்கா."

வஹிதா போனை எட்டி வாங்கிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு கவனிச்சிருக்காது. சும்மா தள்ளிட்டுப் போயிருக்கும். இத்தினி பேருல…"

"அவங்களும் டெய்லர்தான்க்கா. பாப்பாரப்பட்டியில கடை வெச்சிருக்காங்க. இன்னொரு டெய்லரோட நோட்டுன்னா வரி விடாம படிச்சிருப்பாங்க."

தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். வஹிதா பூவிழியின் கையைப் பிடிக்கப் போனாள். பூவிழி கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் திரும்பப் பிடிக்கவும் இல்லை.

"நான் வேணா அந்தப் பொண்ணுகிட்டப் பேசட்டுமா? கால்ல வுழுந்தாவது…"

"வேணாங்க்கா."

"அப்ப பூவரசன்கிட்ட?"

"வேணாம். நீங்க யார்கிட்டயும் பேச வேணாம்." பூவிழி கொஞ்சம் யோசித்தாள். "ஹுமேரா மேடம் கடையில இருப்பாங்களா? அவங்ககிட்ட கேட்டா எனக்கு என்ன பண்றதுனு தெரியும். அவங்களக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

வஹிதா காதில் விழாதவள்போல நின்றாள். இந்தப் பெண்ணின் முதல் ஜாக்கெட்டுக்காக நான்கு நாள் தூங்காமல் பஞ்சை வைத்து வைத்துப் பிரித்தவள் அவள். பூவிழி முதல்முறை கண்ணாடியில் பார்த்துவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது அவள் தோளில்தான். மாமனார் போகட்டும், நிசார் போகட்டும், ஊரே போகட்டும், இந்த ஒரு இடம் தன்னுடையது என்றிருந்தாள். அதையும் தானே தூக்கிக் கொடுத்தாயிற்று. யாரும் பிடுங்கவில்லை.

ஹுமேராவின் எண்ணைத் தேடி அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அவள்.

"ஹுமேரா, கொஞ்சம் கடைக்கு வர்றியா? டீச்சர் உன்னக் கேக்கறாங்க."

இரண்டு நிமிஷத்தில் வந்தாள். இந்த முறை செருப்பு போட்டிருந்தாள். பூவிழியைப் பார்த்ததும் ஆறுதல், அனுதாபம் என்று ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. "உள்ள போய்ப் பேசலாமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். இருவரும் அளவெடுக்கும் மறைவுக்குள் போனார்கள். வஹிதாவும் எழுந்து ஒரு அடி வைத்தாள். பூவிழி உள்ளேயிருந்து திரையை இழுத்து மூடினாள்.

வஹிதா தன் கடையில், திரைக்கு வெளியே நின்றாள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஹுமேராவின் குரல் தாழ்ந்து ஓடியது. நடுவில் பூவிழி ஒரு தரம் விசும்பினாள். அழுகிறாள். அந்தத் தோளில் சாய்ந்து அழுகிறாளோ? பொறாமையால் இத்தனை வினை வந்த பிறகும் அந்தக் கேள்வி வஹிதாவை விடவில்லை.

வெட்டுமேசை மேல், கூரைப்புடவைப் பைக்குப் பக்கத்தில் பூவிழியின் போன் அதிர்ந்தது. அதில் பெயர் ஒளிர்ந்தது. ஐஸ்வர்யா அண்ணி.

"பூவிழி…" என்றாள் வஹிதா. "போனும்மா. பாப்பாரப்பட்டியிலேருந்து."

உள்ளே பேச்சு நின்றது. திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. வளையலைப் பார்த்ததும் தெரிந்தது, ஹுமேராவின் கை. வஹிதா போனை அந்தக் கையில் வைத்தாள். கை உள்ளே போனது.

"எடுங்க டீச்சர். நான் இருக்கேன்" என்றாள் ஹுமேரா.

"சொல்லுங்க அண்ணி" என்றது பூவிழியின் குரல். பிறகு வெகு நேரம் அந்தப் பக்கமே பேசியது. அதன்பிறகு, "ஆமாங்க அண்ணி. அதுல இருக்கறது நான்தான்."